எதிர்க்கட்சி வரிசையிலிருந்து வரிப் புகலிடம் வரை

இலங்கையின் ஊவா மாகாணத்தில் நமுனுகுல மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் சம்பளச் சிட்டையில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. எத்தனை பேர் (முழுநாள் வேலை), எத்தனை அரைப்பேர், மேலதிகக் கொழுந்துக்கு எவ்வளவு என்று மேலே இருக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், சங்கச் சந்தா, முற்பணம் என்று கீழே கழிந்துகொண்டே வரும். மிச்சத்தை எடுத்துக்கொண்டு பசறைக் கடைவீதிக்கு இறங்கினால், சவர்க்காரம் முதல் குடை வரை வாங்கும் பொருள்களில் 18 சதவீத வற் வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து அதுதான் வீதம். அவர் கட்ட வேண்டிய வரியில் ஒரு சதம்கூடத் தப்புவதில்லை.

அவர் பறித்த கொழுந்து தூளாகி, கொழும்பு ஏலத்தில் விலைபோகும் வரைக்கும் கணக்கு ஓரளவு பகிரங்கமானது. 1883இல் தொடங்கிய அந்த ஏலத்தில் எந்தத் தோட்டத்துத் தேயிலை என்ன விலைக்குப் போனது என்பதை யாரும் பார்க்கலாம். கலவை, பொதி, பெயர், மறுஏற்றுமதி என்று அதற்குப் பிறகு வரும் கட்டங்களில்தான் பணத்தின் தடம் மங்குகிறது. டுபாயின் ஜெபல் அலி சுதந்திர வலயத்தில் 2005 முதல் ஒரு தேயிலை மையம் இயங்குகிறது. பல நாட்டுத் தேயிலைகள் அங்கே களஞ்சியப்படுத்தப்பட்டு, கலக்கப்பட்டு, பொதியிடப்பட்டு வெளியேறுகின்றன. அந்த நாட்டில் கம்பனிகளின் இலாபத்துக்குப் பொதுவான வரி என்ற ஒன்று வந்ததே 2023இல்தான்.

லிப்டனின் கதை இன்னும் நெருக்கமானது. ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்ன தோட்டத்தை தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கினார். இன்று அந்தத் தோட்டம் வேறு கையில் இருக்கிறது, பெயர் மட்டும் உலகம் சுற்றுகிறது. யூனிலிவர் தன் தேயிலை வணிகத்தின் பெரும்பகுதியை, லிப்டன் பெயரையும் சேர்த்து, 450 கோடி யூரோவுக்கு சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்தின் நிதியம் ஒன்றுக்கு விற்பதாக 2021 நவம்பரில் அறிவித்தது. மறு ஆண்டில் அந்த விற்பனை முடிந்தது. சிவிசியின் தலைமைக் கம்பனி பதிவாகியிருப்பது ஜேர்சித் தீவில். பிரான்ஸ் கரைக்கு அருகே, ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலானோர் வாழும் சிறு தீவு அது. அங்கே பதிவு செய்வது சட்டப்படி குற்றமல்ல. ஆனாலும் ஊவாவின் மலைச்சரிவோடு பிணைந்த ஒரு பெயர் இத்தகைய தீவு ஒன்றில் போய் முடிகிறது என்பது, வரிப் புகலிடம் பற்றிய பேச்சு மலையகத்துக்குத் தூரத்துப் பேச்சல்ல என்பதைக் காட்டுகிறது.

ஜேர்சி, கேமன், பிரித்தானிய வேர்ஜின் தீவுகள், மொரீஷியஸ் என்று பெயர்கள் நீளும். இவற்றை மூடிவிடுவேன் என்று முழங்கும் ஓர் இடதுசாரித் தலைவர் பெரிய நாடொன்றின் எதிர்க்கட்சி வரிசையில் எழுந்தால், இவற்றுக்கு உண்மையில் என்ன ஆகும்?

பிரித்தானியாவில் இது நேரடியாகவே சோதிக்கப்பட்டது. ஜெரமி கோர்பின் 2015 செப்டெம்பரில் தொழிற்கட்சித் தலைவரானார். கடல்கடந்த கம்பனிகளின் இரகசியங்களை அம்பலப்படுத்திய பனாமா ஆவணங்கள் அடுத்த ஏப்ரலில் வெளிவந்தன. அப்போதைய பிரதமர் டேவிட் கமரனின் தந்தை நடத்திய கடல்கடந்த நிதியத்தின் பெயரும் அதில் இருந்தது. அதில் தமக்கும் பங்கு இருந்ததையும், 2010இல் அதை விற்றுவிட்டதையும் கமரன் ஒப்புக்கொண்டார். வரிச் சட்டங்களுக்கு இணங்காத, பிரித்தானியாவின் கடல்கடந்த ஆள்புலங்களை லண்டன் நேரடி ஆட்சியின் கீழ் கொண்டுவருவது பற்றி யோசிக்க வேண்டும் என்றார் கோர்பின். வெறும் மிரட்டல் என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஊழல் விசாரணையைத் தொடர்ந்து டேர்க்ஸ்-கைக்கோஸ் தீவுகளில் 2009இல் லண்டன் அப்படித்தான் செய்திருந்தது.

தீவுகள் கோபப்பட்டன. பணமோ கோபப்படாமல் கணக்குப் போட்டது. 2017 தேர்தலில் கோர்பின் எதிர்பாராத அளவுக்கு இடங்களைப் பிடித்த பிறகு, அடுத்த பிரதமர் இவர்தானோ என்ற அச்சம் லண்டன் செல்வந்தர்களிடம் பரவியது. சொத்தை நாட்டுக்கு வெளியே நகர்த்துவது பற்றி ஆலோசகர்களிடம் பலர் விசாரிப்பதாகச் செய்திகள் வந்தன. பிரான்ஸில் 1981இல் மித்தரான் வென்றபோதும் சுவிற்சர்லாந்தை நோக்கிப் பணம் ஓடியது. புகலிடத்துக்கு எதிராகப் பேசும் தலைவரால் முதலில் ஆதாயம் காண்பது புகலிடம்தான். இந்தக் கேள்வியை எடுத்துப் பேசுபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் இடம் இது.

ஆனால் கோர்பினின் குரலோடு கதை முடியவில்லை. தொழிற்கட்சியின் மார்கரெட் ஹொட்ஜும் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் அண்ட்ரூ மிச்செலும் சேர்ந்து 2018இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். கடல்கடந்த ஆள்புலங்கள் தம்மிடம் பதிவான கம்பனிகளின் உண்மை உரிமையாளர் யார் என்ற பதிவேட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பதே அது. ஆளும் கட்சியிலிருந்தே போதிய ஆதரவு திரண்டதால், மே 1ஆம் திகதி அரசாங்கம் வாக்கெடுப்புக்குப் போகாமலே விட்டுக்கொடுத்தது. நேரடி ஆட்சி என்ற பேச்சால் அசையாத தீவுகள் ஒரு பதிவேட்டால் அசைந்தன. அதே மாதம் வேர்ஜின் தீவுகளின் தலைநகர் ரோட் டவுனில் மக்கள் ஊர்வலம் போனார்கள்.

அந்த ஊர்வலத்தை நியாயமாகப் பார்க்க வேண்டும். முந்தைய செப்டெம்பரில் இர்மா சூறாவளி அந்தத் தீவுகளைத் தரைமட்டமாக்கியிருந்தது. அரசாங்க வருமானத்தில் பாதிக்கு மேல் நிதிச் சேவைக் கட்டணங்களிலிருந்து வருகிறது. முப்பதாயிரம் சொச்சம் பேர் வாழும் இடத்தில், கம்பனிப் பதிவு நின்றால் பாடசாலையும் வைத்தியசாலையும் எதில் நடக்கும் என்ற கேள்வி பொய்க் கேள்வியல்ல. கரும்பு போன்ற தோட்டப் பயிர்களை மட்டும் நம்பியிருந்த காலனிகளுக்கு அதற்குப் பதிலாக என்ன தரப்பட்டது? கோர்பினிடமும் இதற்குத் தெளிவான விடை இருந்ததில்லை. 2019 டிசம்பர் தேர்தலில் அவர் படுதோல்வியடைந்தார். பதிவேடுகளுக்கான காலக்கெடுவும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. உரிமையாளர் பதிவேட்டை எல்லாருக்கும் திறந்துவிடுவது அந்தரங்க உரிமைக்கு முரண் என்று 2022 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், ஜேர்சி போன்ற தீவுகளுக்குப் பின்வாங்க ஒரு காரணம் கிடைத்தது.

இடதுசாரித் தலைவர் புகலிடத்துக்குள்ளேயே எழுந்தால்? தமிழரும் கணிசமாக வாழும் மொரீஷியஸில் அது நடந்தது. 1969இல் தொடங்கிய எம்எம்எம் கட்சி, போல் பெரஞ்சேயின் தலைமையில் வேலைநிறுத்தங்களால் அந்தத் தீவை உலுக்கியது. சீனித் தோட்ட முதலாளிகளுக்குச் சிம்மசொப்பனமாக இருந்த பெரஞ்சே சிறையும் சென்றவர். 1982 ஜூனில் அவருடைய கூட்டணி, தேர்ந்தெடுக்கப்படும் 62 இடங்களில் பிரதான தீவின் 60ஐயும் வென்றது. பெரஞ்சே நிதி அமைச்சரானார். கஜானாவில் அந்நியச் செலாவணி இல்லை, சர்வதேச நாணய நிதியம் வாசலில் நின்றது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் திகதி போர்ட் லூயிஸில் இந்தியாவுடன் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை கைச்சாத்தானது. புரட்சி பேசிய அரசாங்கம் பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அன்று அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் இந்தியா 1991இல் சந்தையைத் திறந்து, மொரீஷியஸ் 1992இல் கடல்கடந்த வணிகத்துக்கெனச் சட்டம் இயற்றியதும், அந்தப் பழைய காகிதம் தங்கச் சுரங்கமாயிற்று. மொரீஷியஸ் முகவரி வழியாக இந்தியப் பங்குகளை வாங்கி விற்றால் இலாபத்துக்கு எந்த நாட்டிலும் வரி கட்டத் தேவையில்லை. 2000க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்த நேரடி அந்நிய முதலீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 12 லட்சம் பேர் வாழும் அந்தத் தீவின் பெயரில் வந்தது. இந்தியாவின் இடதுசாரிக் கட்சிகள் ஆண்டுக்கணக்காக இந்த உடன்படிக்கையை எதிர்த்தன. 2004 முதல் 2008 வரை மத்திய அரசை வெளியிலிருந்து தாங்கி நின்றபோதும் அவர்களால் இதை மாற்ற முடியவில்லை. கடைசியில் 2016 மே மாதம் உடன்படிக்கையைத் திருத்தியது பாரதிய ஜனதா அரசு. வரிப் புகலிடம் பற்றி ஒரு கட்சி என்ன பேசுகிறது என்பதும், அதைத் தொடும் வலிமையும் தேவையும் யாருக்கு வாய்க்கிறது என்பதும் வேறு வேறு.

இலங்கை இதையெல்லாம் இன்னொரு வடிவத்தில் முன்பே அனுபவித்திருக்கிறது. பெருந்தோட்டங்களில் பெரும்பகுதி லண்டனில் பதிவான ஸ்டேர்லிங் கம்பனிகளுக்குச் சொந்தமாக இருந்த காலத்தில், இலாபம் இங்கே பிறந்து அங்கே கணக்கில் ஏறியது. அந்தக் காலத்தில் ஊவாவில் இடதுசாரிகள் வெறும் மேடைப் பேச்சாளர்களாக இருக்கவில்லை. 1940இல் சமசமாஜக் கட்சியினரின் தலைமையில் நடந்த வேலைநிறுத்த அலை பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் உச்சத்தைத் தொட்டது. தொழிலாளர் தாங்களே தெரிவு செய்த ஒரு சபையை அமைத்தார்கள். தோட்டத்துரை அதனோடு கலந்தாலோசித்து நிர்வாகம் நடத்த ஒப்புக்கொண்டார். அனுப்பப்பட்ட பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தார்கள். பிறகு அடக்குமுறை வந்தது. கொல்வின் ஆர். டி சில்வா, என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் அந்த ஜூனில் கைதானார்கள்.

1948இன் குடியுரிமைச் சட்டம் இந்தக் கதையில் சேர்த்துப் பேசப்பட வேண்டியது. அதை என்.எம். பெரேராவும் தோழர்களும் எதிர்த்தார்கள். தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமை போனதோடு, லண்டன் கம்பனிகளின் இலாபத்தைத் தட்டிக்கேட்கும் பாராளுமன்ற உறுப்பினரை அனுப்பக்கூடிய கைகளே வெட்டப்பட்டன. ஒரு நாட்டின் செல்வம் எங்கே போகிறது என்று கேட்க அதை உற்பத்தி செய்பவருக்கு வாக்கு இருக்க வேண்டும். மூன்று தசாப்தங்களுக்கு மலையகத்தில் பெரும்பாலானோருக்கு அது இருக்கவில்லை.

எதிர்க்கட்சித் தலைவராக இருந்த என்.எம். பெரேரா 1964இலும், பிறகு 1970 முதல் 1975 வரையும் நிதி அமைச்சரானார். இலாபமும் பங்கிலாபமும் வெளிநாட்டுக்குப் போவது 1964இல் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 1970இல் 50 ரூபா, 100 ரூபா நோட்டுகளைச் செல்லாததாக்கி, பதுக்கிய பணத்தை வெளியே கொண்டுவர அவர் முயன்றார். கம்பனிகள் எப்படி எதிர்வினை காட்டின? தேசியமயம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மீள்நடுகையில் பணம் போடுவதைக் குறைத்தன, எடுக்க முடிந்ததை எடுத்தன. லயங்கள் பழுதாயின, தேயிலைச் செடி முதிர்ந்தது. 1973-74இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் எண்ணெய் விலையும் சேர்ந்து உணவு இறக்குமதியை நெரித்தபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. இடதுசாரி நிதி அமைச்சர் பதவியில் இருந்த காலம் அது. மலையகத்தின் நினைவில் இது ஆழப் பதிந்திருக்கிறது, பதிந்திருக்கவும் வேண்டும்.

கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. ஆனால் அவை யார் அமைச்சின் கீழ் வருவது, பெருந்தோட்ட அமைச்சர் கொல்வினா, விவசாய, காணி அமைச்சர் ஹெக்டர் கொப்பேகடுவவா என்ற இழுபறி, சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டதன் முக்கிய காரணங்களுள் ஒன்று. திட்டமிட்ட கைகளுக்குத் தோட்டம் வந்து சேரவே இல்லை. 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது.

இன்றைய சோதனைக்களம் கொழும்புத் துறைமுக நகரம். கடலை நிரப்பிப் பெற்ற 269 ஹெக்டெயர் நிலம். 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங்கும் மஹிந்த ராஜபக்ஷவும் தொடக்கிவைத்தது. இதற்கான பொருளாதார ஆணைக்குழுச் சட்டம் 2021 மே 20ஆம் திகதி 149க்கு 58 என்ற வாக்குகளால் நிறைவேறியது. ‘மூலோபாய முக்கியத்துவம்’ வாய்ந்த வணிகம் என்று பெயரிடப்பட்டால், வருமான வரி, வற் உள்ளிட்ட பல சட்டங்களிலிருந்து 40 ஆண்டுகள் வரை விலக்குத் தர அது இடமளித்தது. கொடுக்கல் வாங்கலும் சம்பளமும் வெளிநாட்டு நாணயத்தில். கரையிலிருந்து பிரியாமலே ஒரு கடல்கடந்த தீவு உருவாகும் வழி இது.

மூன்றே உறுப்பினர்களோடு அப்போது எதிர்க்கட்சியில் இருந்த அநுர குமார திசாநாயக்கவின் அணி எதிர்த்து வாக்களித்தது. மசோதாவுக்கு எதிராக உயர் நீதிமன்றம் போனவர்களில், அந்த அணிக்குத் தலைமை தாங்கும் ஜே.வி.பி.யின் வசந்த சமரசிங்கவும் ஒருவர். பாராளுமன்றத்தின் நிதி அதிகாரம் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவின் கைக்குப் போகிறது, கறுப்புப் பணம் வெள்ளையாகும் வாசல் திறக்கிறது என்பன எதிர்த்தவர்களின் வாதங்கள். பல பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் சொல்ல, அரசாங்கம் திருத்திக்கொண்டு நிறைவேற்றியது.

அதே ஆண்டு ஒக்டோபரில் பண்டோரா ஆவணங்கள் வெளிவந்தன. முன்னாள் பிரதி அமைச்சர் நிருபமா ராஜபக்ஷவும் அவருடைய கணவர் திருக்குமார் நடேசனும் ஜேர்சி, சமோவா போன்ற இடங்களில் கம்பனிகளும் நம்பிக்கைப் பொறுப்புகளும் வைத்திருந்ததாகவும், லண்டன், சிட்னி வீடுகளும் ஓவியங்களும் அவற்றின் பெயரில் இருந்ததாகவும் சர்வதேசப் புலனாய்வுச் செய்தியாளர் கூட்டமைப்பு எழுதியது. நடேசன் தவறு எதுவும் செய்யவில்லை என்று மறுத்தார். விசாரணை நடத்த ஜனாதிபதி பணித்தார். ஆறு மாதத்தில், 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த ஆண்டு அரசின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏழு சதவீதத்தைச் சற்றே தாண்டியது.

எரிவாயு வரிசையில் நின்ற மக்களின் கோபம் எதிர்க்கட்சி வரிசையின் ஒரு ஓரத்தில் இருந்த தலைவரை 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியாக்கியது. நவம்பர்ப் பொதுத்தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159ஐப் பிடித்தது. பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேல், கிட்ணன் செல்வராஜ் என மலையகத் தமிழர் இருவர் அந்த அணியில் பாராளுமன்றம் போனார்கள். ஒரு காலத்தில் தோட்டத் தமிழரை இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவியாகப் பார்த்த ஜே.வி.பி.யின் அணிக்கு மலையகம் வாக்களித்தது சிறிய விடயமல்ல.

பதவிக்கு வந்த பின் அவர்கள் பெரஞ்சே கண்ட அதே வாசலில் நாணய நிதியத்தைக் கண்டார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இம்முறை நிதியமே வரிச்சலுகைகளைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. 2023 செப்டெம்பரில் வந்த அதன் ஆளுகை மதிப்பீடு, கண்ணை மூடிக்கொண்டு தரப்படும் வரிவிலக்குகளையும் மறைந்திருக்கும் கம்பனி உரிமையையும் ஊழலின் ஊற்றுகளாகக் காட்டியது. அந்த வழியில் சில காரியங்கள் நடந்திருக்கின்றன. குற்றத்தின் மூலம் ஈட்டிய சொத்தைப் பறிமுதல் செய்யும் சட்டம் 2025 ஏப்ரலில் நிறைவேறியது. உண்மை உரிமையாளரைப் பதிவுசெய்யக் கம்பனிகள் சட்டம் அதே ஆண்டில் திருத்தப்பட்டது. மேடையில் கைதட்டல் வாங்கும் சட்டங்களல்ல இவை. ஆனால் தீவுகளைப் பயமுறுத்துபவை இவைதான்.

துறைமுக நகரச் சட்டமோ நீடிக்கிறது. எதிர்த்து வழக்குப் போட்ட சமரசிங்க இன்று வர்த்தக அமைச்சர். அந்த நிலத்துக்கு முதலீட்டாளர் தேடுவது இப்போது அவர்களுடைய அரசாங்கத்தின் பொறுப்பு. டொலர் தேவைப்படும் அரசாங்கத்தின் நெருக்கடி விளங்குகிறது. ஆனால் நாற்பதாண்டு விலக்கால் டொலர் வரும் என்ற நம்பிக்கைக்கே அடிப்படை ஆட்டம் காண்கிறது. ஆண்டு வருமானம் 75 கோடி யூரோவைத் தாண்டும் பெரும் கம்பனிகளுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி என்று 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. அமெரிக்கா 2025இல் விலகிக்கொண்டாலும் ஐரோப்பாவில் அது நடைமுறையில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு கம்பனிக்குக் கொழும்பு வரியை விட்டுக்கொடுத்தால், விட்டுக்கொடுத்ததை அதன் தாய்நாடு வசூலித்துக்கொள்ளும். கம்பனிக்கும் லாபமில்லை, இலங்கைக்கும் காசில்லை.

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆகவும், அதற்கு மேல் வரவுக் கொடுப்பனவாக 200 ரூபாவும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த 200 ரூபா கம்பனியின் கணக்கிலிருந்து வருவதல்ல, திறைசேரி தருவது. கட்டுப்படியாகாது என்று கம்பனிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதன் விளைவு அது. தொழிலாளிக்குக் கூடுதல் காசு கிடைப்பது வரவேற்க வேண்டியதே. ஆனால் அந்தத் திறைசேரியில் பசறைக் கடையில் அதே தொழிலாளி கட்டிய வற் வரியும் கலந்திருக்கிறது. ஆகவே ஏலத்துக்குப் பிந்தைய இலாபம் எங்கே கணக்கில் ஏறுகிறது என்று கேட்கும் உரிமை முன்னெப்போதையும்விட அவருக்கு உண்டு.

பதுளையிலிருந்து போன உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் கேட்கக்கூடிய வினாக்கள் கைவசம் இருக்கின்றன. துறைமுக நகரில் இதுவரை வரிவிலக்குப் பெற்ற கம்பனிகள் எவை, ஒவ்வொன்றாலும் ஆண்டுக்கு எத்தனை ரூபா வருமானம் விடப்படுகிறது? அவற்றின் உண்மை உரிமையாளர் யார்? அந்த உரிமையாளர் பதிவேட்டைப் பொதுமக்களும் பார்க்க முடியுமா, அல்லது அதிகாரிகள் மட்டும்தானா? பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளோடு உறவுடைய ஏற்றுமதி நிறுவனங்கள் வெளிநாட்டுக் கிளைகளுக்கு என்ன விலையில் தேயிலை அனுப்புகின்றன என்பதை உள்நாட்டிறைவரித் திணைக்களம் ஏல விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறதா? எதிர்க்கட்சியில் இருந்தபோது இந்த அணியே இப்படிப்பட்ட வினாக்களைச் சளைக்காமல் எழுப்பியது. இப்போது விடை தரும் கோப்புகள் அதன் அமைச்சர்களின் மேசையில் இருக்கின்றன.